காய்ச்சல் இறங்கிவிட்டதா? ஆளைப் பாருங்கள்

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பத்து வருடமாகச் சுகர். ஒரு திங்கட்கிழமை கட்டைவிரலில் இரும்புத் துகள் ஏறியது. துணியைச் சுற்றிக்கொண்டு ஷிப்டை முடித்தார். புதன்கிழமை குளிர்காய்ச்சல். மருந்துக் கடையில் காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். வியாழன் மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அன்று சாயங்காலம் அவர் தன் மகளை, என்றோ இறந்துபோன அக்காவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கியது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. "மாத்திரை அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். வெள்ளி விடியற்காலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நர்ஸுக்குப் பிரஷர் கிடைக்கவே இல்லை. திங்கட்கிழமை உடலைத்தான் கொண்டுவந்தார்கள்.

அலட்சியமான குடும்பம் இல்லை அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவர்கள். பார்க்க வேண்டியது தெர்மாமீட்டரை இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். இதை எழுதுவதற்கு அந்த வீடுதான் காரணம்.

நோயின் பெயர் செப்சிஸ். "ரத்தத்துல விஷம் ஏறிடுச்சு", "சலம் ரத்தத்துல கலந்துடுச்சு" என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் தற்காப்பு, கட்டுமீறிப் போய்ச் சொந்த உறுப்புகளையே தாக்க ஆரம்பிக்கிறது. ரத்தக் குழாய்கள் கசிகின்றன, பிரஷர் விழுகிறது, சிறுநீரகம், நுரையீரல், மூளை ஒவ்வொன்றாகத் தடுமாறுகின்றன. தொடக்கம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்: சளி, நீர்க்கடுப்பு, கால் புண், சொத்தைப் பல், சிசேரியன் தையல். டெங்கு, கொரோனா போன்ற வைரஸ் நோய்களும் இதில் கொண்டுபோய் விடும். 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது 2020-ல் வெளியான கணக்கு. அந்த ஆண்டு உலகில் நடந்த சாவுகளில் ஐந்தில் ஒன்று.

வயதானவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், சுகர் நோயாளிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், மண்ணீரலை எடுத்தவர்கள் வீட்டில் இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஆனால் நல்ல ஆரோக்கியமான இருபது வயதுக்காரருக்கும் வரும்.

செய்ய வேண்டியவை

• மூச்சை எண்ணுங்கள். பெரியவர் ஒருவர் சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். 22 அல்லது அதற்கு மேல் போனால் அது எச்சரிக்கை. அவருக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். குழந்தைகளுக்குக் கணக்கு வேறு: இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே கிளம்புங்கள்.

• பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இன்று என்ன கிழமை, நான் யார், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். உளறல், குழப்பம், எழுப்பினாலும் திரும்பத் தூங்கிப்போவது எல்லாம் மூளை தடுமாறுகிறது என்பதன் அடையாளம். வயதானவர்களுக்குப் பல நேரம் காய்ச்சலே வராது. நேற்றுவரை பேப்பர் படித்தவர் இன்று ஆளை மாற்றிச் சொல்வதுதான் முதல் அறிகுறியாக இருக்கும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று தள்ளப்படுகிற அறிகுறியும் இதுதான். வயது ஒரே நாளில் கூடுவதில்லை.

• சிறுநீரைக் கணக்கு வையுங்கள். பன்னிரண்டு மணி நேரமாகப் போகவில்லை, அல்லது தேத்தண்ணீர் நிறத்தில் கொஞ்சம்தான் போகிறது என்றால் சிறுநீரகம் அடிவாங்குகிறது. கைக்குழந்தை என்றால் ஈரமான துணிகளை எண்ணுங்கள்.

• கை கால்களைத் தொட்டுப் பாருங்கள். உடம்பு கொதிக்கும்போதே கை கால் ஜில்லென்று இருந்தாலும், முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத் திட்டாகத் தெரிந்தாலும் ஆபத்து. நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். மூன்று விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். நம் மாநிறத் தோலில் வெளுப்பும் நீலமும் சட்டென்று தெரியாது. அதனால் உதட்டின் உள்பக்கம், நாக்கு, கீழ் இமையின் உள்பக்கம், உள்ளங்கை ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

• வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் போட்டுப் பாருங்கள். மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழே வந்தால் காத்திருக்க வேண்டாம். வழக்கமாக 150, 160 இருக்கும் பிரஷர்காரருக்கு 110 என்பதே பெரிய வீழ்ச்சியாக இருக்கலாம். "நார்மல் ஆயிடுச்சு" என்று சந்தோஷப்படாதீர்கள்.

• உடம்பு சில்லிட்டுப் போனாலும் பயப்படுங்கள். தொற்று உள்ளவருக்கு 96.8 டிகிரிக்குக் கீழே போவது, 101-ஐத் தாண்டுவதைவிட நல்ல செய்தி அல்ல.

• உடம்பு முழுக்கத் தேடுங்கள். கால் விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, முதுகில் படுக்கைப் புண், நகச்சுத்து எதையும் விடாதீர்கள். சுகர் உள்ளவருக்குக் காலில் ஆணி குத்தினாலும் வலிக்காமல் போகலாம்; நீங்கள் பார்த்தால்தான் உண்டு. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ், பாவாடை நாடா கட்டும் இடம் ஆகியவற்றை மறக்காமல் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு, வலி இல்லை என்றால் அது ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புதரில், புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. மழைக்குப் பின்னும் பனிக்காலத்திலும் அதிகம். 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் தமிழகத்தில் இது பரவியபோது, பொது சுகாதாரத் துறை எச்சரித்த மாவட்டங்களில் சென்னையும் திருவள்ளூரும் இருந்தன, அதாவது நாம். கொரட்டூர் ஏரிக்கரையும் ஆவடியைச் சுற்றியுள்ள காலி மனைகளும் புதர் மண்டிக் கிடப்பது நமக்குத் தெரியாததில்லை. வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக்குகள் இதற்குக் கேட்காது, டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின் வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. அந்தப் பொருக்கைக் கண்டால் கையோடு டாக்டருக்குக் காட்டுங்கள். சட்டையைக் கழற்றாமல் பார்க்கும் அவசர ஓ.பி.யில் அது கண்ணில் படாமலே போகும்.

• வெள்ளத் தண்ணீரில் நடந்திருந்தால் நீங்களாகச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எத்தனை பேர் முழங்கால் தண்ணீரில் நடந்தோம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் ஒரு சிராய்ப்பு, இரண்டும் சேர்ந்தால் எலிக் காய்ச்சலுக்குப் போதும். சில நாளிலும் வரும், ஒரு மாதம் கழித்தும் வரும். அதற்குள் தண்ணீரில் நடந்தது மறந்துபோயிருக்கும்.

• கண்டதை நேரத்தோடு எழுதுங்கள். "செவ்வாய் ராத்திரி 9, காய்ச்சல் 102, புதன் காலை 6, மூச்சு 26, பேச்சு சரியில்லை" என்று ஒரு துண்டுத்தாளில் இருந்தால் போதும். "ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கார்" என்பதை வைத்து டூட்டி டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

• 108-ஐ அழையுங்கள். "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மூச்சு வாங்குது, நினைவு தடுமாறுது, சிறுநீர் போகலை" என்று சொல்லுங்கள். தமிழகத்தில் 2008 முதல் ஓடும் சேவை இது, கட்டணம் இல்லை. வண்டியிலேயே ஆக்சிஜன் உண்டு, பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் உண்டு. காலை எட்டு மணி சி.டி.எச். ரோட்டில் பாடியைத் தாண்ட உங்கள் ஆட்டோவுக்கு யார் வழி விடுவார்கள்?

• எந்த ஆஸ்பத்திரி என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் டாக்டர், லேப், ஐ.சி.யு. இருக்கும் இடம் வேண்டும். வீட்டுக்கு அருகில் எது, ராத்திரி இரண்டு மணிக்கும் ஐ.சி.யு.வில் சேர்ப்பார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டு, நம்பரைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளில் முதலுதவி கிடைக்கும். நிலைமை மோசமென்றால் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், குழந்தை என்றால் எழும்பூர். அனுப்பினால் ஏன் என்று வாதாடி நேரத்தைக் கரைக்காதீர்கள். இ.எஸ்.ஐ. அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.

• "டாக்டர், இது செப்சிஸாக இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்த ஒரு சொல் அறையின் வேகத்தை மாற்றும். பிளட் கல்ச்சர் எடுத்தாச்சா, லாக்டேட் பார்த்தாச்சா, ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்றும் கேளுங்கள். பிரஷர் விழுந்துவிட்டவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும் என்பது உலகளாவிய வழிகாட்டுதல். பிரஷர் விழுந்தபின் முதல் ஆறு மணி நேரத்தில், சரியான மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்ததாக 2006-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது.

கேட்கக் கூச்சமாக இருந்தால் சவிதா ஹலப்பனவரை நினைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்துப் பெண், பல் மருத்துவர், அயர்லாந்தில் கால்வே நகரத்தில் வாழ்ந்தவர். 2012 அக்டோபர் 21 அன்று, 17 வாரக் கர்ப்பத்தில், முதுகுவலியோடு அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனார். கரு கலைந்துகொண்டிருந்தது, சிசுவின் இதயம் துடிப்பதைக் காரணம் காட்டிக் கருவை எடுக்க மறுத்தார்கள். தொற்று ரத்தத்தில் ஏறியது. அக்டோபர் 28 அன்று செப்சிஸால் இறந்தார், வயது 31. பிரஷர், நாடி, மூச்சு ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் பார்க்கத் தவறினார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. காப்பாற்றியிருக்கக்கூடிய 13 வாய்ப்புகள் தவறவிடப்பட்டன என்று 2013-ல் அந்நாட்டு அரசு அமைப்பே அறிக்கை கொடுத்தது. பணக்கார நாடு, பெரிய ஆஸ்பத்திரி, மருத்துவம் தெரிந்த நோயாளி. அங்கேயே மூச்சை எண்ணாமல் விட்டார்கள் என்றால், கூட்டம் நெரியும் வார்டில் நீங்கள் எண்ணிக் கேட்பதில் தவறே இல்லை. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை கேளுங்கள்.

• பிழைத்து வந்தவரை மூன்று மாதமாவது கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். அசதி, மறதி, தூக்கமின்மை, முடி கொட்டுவது எல்லாம் வரும். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். மறுபடி தொற்று வரும் வாய்ப்பும் அதிகம். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

• காய்ச்சல் இறங்கியதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். பாராசிட்டமால் சூட்டைத்தான் குறைக்கும், தொற்றை ஒன்றும் செய்யாது. டெங்குவில் காய்ச்சல் விடும் நாளில்தான் ஆபத்துக் கட்டமே ஆரம்பிக்கிறது. காய்ச்சல் விட்டும் ஆள் தளர்ந்துகொண்டே போகிறார் என்றால் அது குணம் இல்லை.

• "ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்காதீர்கள். உறையில்லாமல் வெட்டித் தரும் அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சலும் வலியும் மாயமாக மறையும், சுகர் எகிறும், தொற்று உள்ளே வளரும். என்ன சாப்பிட்டார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்ல ஒரு பெயரும் இருக்காது.

• போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைப் போடாதீர்கள், பக்கத்து வீட்டு மாத்திரையையும் வாங்காதீர்கள். இப்படிக் கண்டபடி சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் பல கிருமிகள் மருந்துக்கு அசையாமல் போயின. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் நம் சென்னையில் கூடி, இதைத் தடுக்க ஒரு பிரகடனமே வெளியிட்டன. ஆன்டிபயாடிக்குகளுக்குச் சீட்டு கட்டாயம், 2014 மார்ச் முதல் அவற்றில் பலவற்றை விற்றால் கடையில் பதிவேட்டிலும் எழுத வேண்டும். கடைக்காரர் சீட்டு கேட்டால் அவரிடம் சண்டை போடாதீர்கள்.

• கிளினிக்கில் ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். டிரிப்ஸ் ஏறியதும் ஒரு மணி நேரம் தெம்பு வரும். அந்தத் தெம்பை நம்பி ராத்திரியைக் கழிப்பவர்கள் ஏராளம்.

• வலி ஊசி கேட்டு வாங்காதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை தடுமாறும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும்.

• காயத்தில் காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடம் கழுவுங்கள், சுத்தத் துணியால் மூடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் குத்திய துகளை அங்கிருக்கும் ஊக்கால் நோண்டாதீர்கள். கட்டியைப் பிதுக்காதீர்கள். சிவப்பு பரவுகிறதா என்று தெரிய அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டினால் டாக்டர்.

• நீர்க்கடுப்பை "உடம்புச் சூடு" என்று இளநீரோடு நிறுத்தாதீர்கள். சுகர் உள்ள பெண்களுக்கு இதுவே சிறுநீரகத்துக்கு ஏறி ரத்தத்தில் கலக்கும். இடுப்புக்கு மேலே விலாப்பக்கம் வலி, குளிர் நடுக்கம் இரண்டும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

• பச்சை உடம்புக்காரியின் காய்ச்சலை "பால் கட்டு" என்று விடாதீர்கள். பிரசவமாகியோ கரு கலைந்தோ ஆறு வாரத்துக்குள் காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் போக்கு, தையலில் சீழ் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. தண்ணீர் கொடுக்காமல் கட்டுப்படுத்தும் பழக்கத்தையும் விடுங்கள். தாகத்தோடு கிடக்கும் உடம்பு சீக்கிரம் சாயும். இதைச் சொன்னால் மாமியாரும் அம்மாவும் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

• பால் குடிக்காத பச்சைக் குழந்தையை உரம் எடுக்கவும் தொக்கம் எடுக்கவும் தூக்கிப் போகாதீர்கள். பிறந்த குழந்தைக்குச் செப்சிஸ் வந்தால் பெரிய சத்தமே இருக்காது: பால் இழுக்காது, துவண்டு கிடக்கும், முனகும், உடம்பு சில்லிடும். குலுக்குவதிலும் ஊதி எடுப்பதிலும் போகும் அரை நாள்தான் அதன் உயிர். தொப்புளில் சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் போடாதீர்கள்.

• அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் கஞ்சியோ மாத்திரையோ ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்.

• சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். தொற்றில் சுகர் தாறுமாறாகும். மெஷினில் பார்த்து, எண்ணை டாக்டருக்குப் போனில் சொல்லிக் கேளுங்கள்.

• இருவருக்கு நடுவில் பைக்கில் உட்காரவைத்து அழைத்துப் போகாதீர்கள். பிரஷர் விழுந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்தாலே மயங்குவார்.

• "விடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை, வீட்டில் விசேஷம், மகன் ஊரிலிருந்து வரட்டும் என எந்தக் காரணமும் வேண்டாம். தொற்று இருக்கும்போது மூச்சு, நினைவு, பிரஷர் மூன்றில் ஒன்று கெட்டாலே கிளம்புங்கள். இரண்டு கெட்டால் செருப்புக்கூடத் தேடாதீர்கள். போய்ப் பார்த்துச் செப்சிஸ் இல்லை என்றால் நஷ்டம் ஒரு ராத்திரித் தூக்கம்.

வீட்டிலுள்ள பெரியவர்கள் நன்றாக இருக்கும்போதே ஒரு நிமிடம் அவர்களுடைய மூச்சை எண்ணி, வழக்கமான பிரஷரோடு சேர்த்துக் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். நல்ல நாளின் எண் தெரிந்தால்தான் கெட்ட நாளின் எண் புரியும். அம்மா இப்போது பக்கத்து அறையில் படுத்திருந்தால், இதைக் கீழே வைத்துவிட்டுப் போய் எண்ணுங்கள்.